எந்த பேட்ச்சுக்கு என் வாக்கு?

போன சனிக்கிழமை காலை எனக்கு ஒரு வாக்குரிமை கிடைத்தது.

கனடாவில் வாக்குப் போடுவது எனக்குப் புதிதில்லை. நகரசபையில் தொடங்கி நாடாளுமன்றம் வரை போட்டாயிற்று. கோயில் நிர்வாக சபைக்குக்கூடப் போட்டிருக்கிறேன் — அதுதான் இருந்ததிலேயே சூடான தேர்தல்! ஆனால் இது வேறு.

ஒஷாவாப் பக்கம் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாமே. என் மகள் அபி அங்கேதான் படித்தாள். நாலு வருடம் அந்தக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடினாள். அந்த அணியைத் தொடங்கி, இத்தனை காலமும் நடத்திவந்த பெண் கோச் டெனிஸ் இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார். அவர் சேர்த்த பேட்ச்களில் எது சிறந்த பேட்ச் என்று பழைய வீராங்கனைகளும் அவர்களுடைய வீட்டாரும் வாக்களிக்க வேண்டுமாம். வெல்கிற பேட்ச்சின் படம் ஜிம் சுவரில் பெரிதாக ஏறும்.

பேட்ச் என்று நான் சொல்வது எதை? ஒவ்வொரு வருடமும் கோச் ஹைஸ்கூல் ஹைஸ்கூலாகப் போய் மேட்ச் பார்ப்பார். பிடித்த பிள்ளையைக் கண்டால் வீடு தேடிப் போய், பெற்றோரிடம் பேசி, தன் அணிக்குக் கூட்டிவருவார். அப்படி ஒரே வருடத்தில் வந்து சேர்கிறவர்கள் ஒரு பேட்ச்.

பேட்ச் ஒப்பிடுவது எங்கள் ஆட்களுக்கு ஒரு வேலையா என்ன? ஸ்காபரோவில் எந்தப் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலுக்குப் போனாலும் இதுதானே நடக்கிறது... கோட் போட்ட இரண்டு அங்கிள்மார், ‘எங்கட பேட்ச்தான் பேட்ச்’ என்று தொடங்குவார்கள். மேடையில் பரதநாட்டியம் முடிந்து, கொத்துரொட்டி ஆறி, மண்டபத்துக்காரன் லைட்டை அணைக்கிற வரைக்கும் அது முடியாது. ஆகவே நான் தயாராகவே இருந்தேன். தேநீரோடு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

மூன்று பேட்ச்கள் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தன.

முதலாவது, முதல் பேட்ச்சேதான். ஐந்து பிள்ளைகள். அந்தக் கல்லூரியில் பெண்கள் அணி ஒன்று இருப்பதே அந்தக் கல்லூரிக்குத் தெரியாத காலம். ஜிம்மில் ஆண்கள் அணிக்கு நேரம் கொடுத்து, பாட்மின்டன்காரருக்கு நேரம் கொடுத்து, மிச்சமிருந்த காலை ஆறு மணி இவர்களுக்கு. கூரை ஒழுகும். வந்ததும் முதல் வேலை தரையைத் துடைப்பது, பிறகுதான் பந்து. அநேகமாக எல்லா மேட்ச்சிலும் தோற்றார்கள். ஆனாலும் ஐந்து பேரில் ஒருத்திகூட நடுவில் விட்டுப் போகவில்லை.

இரண்டாவது பேட்ச்சை ‘உயரமான பேட்ச்’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆறடிக்கு மேல் மூன்று பிள்ளைகள். கையை நீட்டினால் கூடை. மாகாணச் சாம்பியன் கோப்பையைக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். அதில் ஒருத்தி பிறகு ஐரோப்பாவுக்குப் போய்ச் சம்பளத்துக்கு ஆடினாள். ஜிம் கூரையில் தொங்குகிற பதாகை இவர்களுடையது. கூரை ஒழுகாமல் போனதும் இவர்கள் வென்ற பிறகுதான் என்று கோச் சொல்வார்.

மூன்றாவது... அபியின் பேட்ச். இவர்கள் கட்டை. கோப்பை எதுவும் இல்லை. ஒரே ஒரு தடவை அரையிறுதி வரை போய், ஒரு புள்ளியில் தோற்று, ஆறு பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். நானும் வாகனத் தரிப்பிடத்தில் தனியாக நின்று அழுதேன். மனைவி வதனிக்கு இது தெரியாது. இதைப் படித்ததும் தெரிந்துவிடும்.

வழக்கமாக ஒரு பேட்ச்சுக்கு ஐந்து பேர். அபியின் பேட்ச்சில் மட்டும் ஆறு. அந்த ஆறாவது ஆள் அபி. அது எப்படி வந்தது? அதைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும். இத்தனை வருடமாக இந்தப் பத்திரிகைப் பத்தியில் எதையெல்லாமோ எழுதிவிட்டேன், இதை மட்டும் எழுதவில்லை. வெட்கம்தான் காரணம்.

அபி ஹைஸ்கூல் கடைசி வருடத்தில் இருந்தபோது கோச் டெனிஸ் வெக்ஸ்போர்ட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. மகளை அணியில் சேர்ப்பது பற்றிப் பேச ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் எங்களுக்கு என்ன தெரியும்? வீடு தேடி வந்து பெண்ணைக் கேட்கிற ஒரேயொரு சடங்குதான் எங்களுக்குத் தெரியும். அதையே செய்தோம். வதனி வடை சுட்டாள், ரோல்ஸ் பொரித்தாள், கேசரி கிண்டினாள். நான் சேர்ட்டை இஸ்திரி போட்டேன். அபியைத் தலை வாரி இழுத்துவிட்டு வரச்சொன்னோம். அவள் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

கோச் வந்து உட்கார்ந்தார். நான் கேட்ட முதல் கேள்வி: அப்பா அம்மாவுக்குச் சொந்த இடம் எது? ஜமெய்க்கா என்றார். சகோதரங்கள் எத்தனை பேர்? அவர்கள் என்ன செய்கிறார்கள்? அம்மா சுகமாக இருக்கிறாரா? எல்லாவற்றுக்கும் மனுஷி சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். கூடைப்பந்து பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வதனி மட்டும் தானும் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியதாகச் சொல்லி, அதில் பந்தைத் தரையில் தட்டக்கூடாது என்று விளக்கினாள்.

கடைசியில் கோச்சே விஷயத்துக்கு வந்தார். அபியை ஏன் பிடித்தது என்று சொன்னார். “நான் பிள்ளைகள் ஆடுவதைக் கொஞ்சம் பார்ப்பேன். அவர்களை வெளியே எடுத்து பெஞ்சில் உட்கார வைத்தால் என்ன செய்கிறார்கள் என்றுதான் கூடுதலாகப் பார்ப்பேன். உங்கள் மகள் பெஞ்சில் இருந்தபோது தனக்குப் பதிலாக ஆடியவளுக்காகத் தொண்டை கிழியக் கத்தினாள்.” ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம் இது. அபிக்கு ஸ்காலர்ஷிப்போடு ஓர் இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும் என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘ஓம்’ என்று சம்மதித்து ஒரு சொல். நான் சொன்னது: “யோசித்துச் சொல்கிறோம்.”

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அபிக்கு உயிரே அதுதான். ஆனால் பெண் வீட்டுக்காரர் எடுத்த எடுப்பிலேயே ஓம் சொல்லலாமா? வதனியும் அதையே சொன்னாள்: “உடனே ஓம் எண்டால் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?” மரியாதைக்கு இரண்டு நாள் கழியட்டும் என்று விட்டோம். புதன் போனது. வியாழன் போனது. வெள்ளிக்கிழமை காலை போனை எடுக்கப் போனால், குசினிச் சுவர்க் கலண்டரில் அட்டமி.

அட்டமியில் நல்ல காரியம் தொடங்கலாமா? சனிக்கிழமை பார்த்தால் நவமி. ‘அப்ப ஞாயிற்றுக்கிழமை சொல்லுவம், அந்த மனுஷி எங்கை ஓடப்போறா’ என்று நான்தான் சொன்னேன். அபி கத்தினாள், கெஞ்சினாள். “அப்பா, இட்ஸ் எ டெட்லைன்!” என்றாள். கொஞ்சம் பொறு பிள்ளை, நல்லதுக்குத்தான் என்றேன்.

ஞாயிறு காலை, தசமியில், நல்ல நேரம் பார்த்து, சாமி கும்பிட்டுவிட்டுப் போன் எடுத்தேன். கோச் கோபப்படவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணி தாண்டியும் ஒரு மணி நேரம் காத்திருந்தாராம். பதில் வராததால் விருப்பமில்லை என்று நினைத்து அடுத்த பிள்ளைக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டாராம். “ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், அதைத் திரும்ப எடுக்க முடியாது,” என்றார். செப்டம்பரில் நடக்கிற தெரிவுக்கு அபி வரலாம், ஆனால் எந்த உறுதியும் இல்லை என்றும் சொன்னார். அந்த அடுத்த பிள்ளை யார் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை.

அந்தக் கோடை முழுவதும் அபி என்னோடு ஒற்றைச் சொற்களில்தான் பேசினாள். ‘ஓகே.’ ‘தெரியா.’ ‘லேட்.’ ஆனால் கிழமைக்கு நாலு நாள் ஒஷாவாவுக்குப் பயிற்சிக்குப் போனாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை. பஸ்ஸில் போனால் போய்ச் சேரவே அரைநாள். கூட்டிக்கொண்டு போனது கீஷா என்ற பிள்ளை. டோர்செட் பார்க் பகுதியில் இருந்தவள், அதே அணிக்குத் தெரிவானவள். ஹைஸ்கூலில் அபிக்கு எதிராக ஆடியவளாம். ஒரு பக்கக் கதவு உள்ளேயிருந்து மட்டும் திறக்கிற பழைய கார் வைத்திருந்தாள். அந்தப் பயிற்சியின் புண்ணியத்தில் செப்டம்பர் தெரிவில் அபி ஆறாவது ஆளாக உள்ளே போனாள். ஸ்காலர்ஷிப் இல்லை, ஆனால் சீருடை கிடைத்தது. அதற்குப் பிறகு நாலு வருடமும் அந்தக் காரில்தான் போக்குவரத்து.

திரும்பி வருகிற நாளெல்லாம் கீஷாவுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. புட்டும் மீன்குழம்பும் என்றால் அவளுக்கு உயிர். வதனி போட்டுக்கொண்டே இருப்பாள். போதும் என்பதற்கு ‘காணும், காணும்’ என்பாள் கீஷா. அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

சரி, இந்த வாரத்துக்கு வருகிறேன். ஞாயிறு மதியம் அபி சாப்பிட வந்தாள். அவள் இப்போது வேலை செய்கிறாள், தனி அப்பார்ட்மென்ட். நான் நடுநிலைப் பத்திரிகையாளன் தோரணையில் அறிவித்தேன்: “என்ர வாக்கு உயரமான பேட்ச்சுக்கு. சொந்தப் பிள்ளைக்குப் போட்டன் எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது.”

“குட், அப்பா. தே வன் எவ்ரிதிங். டிஸெர்வ் பண்ணுகினம்தான்,” என்றாள் அபி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? “உன்ர பேட்ச்சும் நல்ல பேட்ச்தான் பிள்ளை. உன்ர இடத்தை அவள் ஒருத்தி தட்டிக்கொண்டு போகாட்டி நீ தொடக்கத்திலயே...”

அபி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்பா. அது கீஷா.”

“எது கீஷா?”

“என்ர ஸ்பொட் போனது கீஷாவுக்கு. கோச் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கோல் பண்ணினது அவளுக்குத்தான். அடுத்த கிழமை அவளா எனக்குக் கோல் எடுத்து, ஏன் நோ சொன்னனீ எண்டு கேட்டவள். நான் அட்டமிக் கதையைச் சொன்னன். சிரிசிரியெண்டு சிரிச்சுப்போட்டு, சரி, வா, நான் கூட்டிக்கொண்டு போறன், வந்து உன்ர ஸ்பொட்டை ஃபைட் பண்ணி எடு எண்டவள்.”

வதனி அகப்பையோடு அப்படியே நின்றாள். நான் தட்டைத் தள்ளிவைத்தேன்.

ஏனென்றால் உங்களுக்கு இன்னும் ஒன்றைச் சொல்லவில்லை. முதலாம் வருடப் பனிக்காலத்தில் ஒரு நாள், இதே மேசையில், கீஷாவை எதிரில் வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: “எங்கட பிள்ளையின்ர இடத்தைப் பறிச்சவள் ஒருநாளும் நல்லாயிருக்கமாட்டாள்.” நல்ல தெளிவான தமிழில், கையை ஆட்டி, குரலை உயர்த்தி. கீஷா அபியைத் திரும்பிப் பார்த்து, உன் அப்பா என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அபி சொன்ன மொழிபெயர்ப்பு: “இன்னும் சாப்பிடட்டாம்.” கீஷா தட்டை நீட்டினாள். நானே என் கையால் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தேன்.

இன்னொரு பாவமும் இருக்கிறது. இடத்தைப் பறித்தவள் யார் என்று எனக்கு இருந்த சந்தேகம் முழுவதும் அணியில் இருந்த வேறொரு பிள்ளை மேல். பொன்னிறத் தலைமுடி, சும்மா சிரித்துக்கொண்டே திரிவாள். நாலு வருடம் அவள் போட்ட ஒரு கூடைக்குக்கூட நான் கைதட்டவில்லை. அந்தப் பிள்ளை எங்கே இருந்தாலும் மன்னிக்க வேண்டும்.

“ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“சொன்னால் அவளுக்கு இந்த வீட்டில புட்டு கிடைச்சிருக்குமா, அப்பா?”

நியாயமான கேள்வி. அந்த நாளைய என்னை எனக்குத் தெரியும். கிடைத்திருக்காது. கிடைத்திருந்தாலும் மீன் துண்டு சின்னதாக இருந்திருக்கும்.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுக் கீஷாவுக்குப் போன் எடுத்தேன். இப்போது ஒஷாவாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. “ஹாய் அங்கிள்!” என்று அதே குரல். என் ஆங்கிலம் சாதாரணமாக ஓடும், மன்னிப்புக் கேட்கும்போது மட்டும் நொண்டும். எப்படியோ தொடங்கினேன். இன்றைக்குத்தான் அபி சொன்னாள், எனக்கு ஒன்றும் தெரியாது, உன்னை வைத்துக்கொண்டு ஒரு நாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், அது உனக்கு விளங்கியிருக்காது, ஆனாலும்...

மறுபக்கத்தில் சிரிப்பு. பிறகு கீஷா பேசினாள். தமிழில். அதுவும் எங்களைப் போலவே.

“அங்கிள், நான் டோர்செட் பார்க்கில வளர்ந்தனான். அம்மா வேலையால வருமட்டும் என்னைப் பார்த்தது பக்கத்து வீட்டுத் தமிழ் அன்ரி. எனக்கு எல்லாம் விளங்கும். அட்டமியும் தெரியும்.”

நான் கதிரையைத் தேடி உட்கார்ந்தேன். நாலு வருடம்! நானும் வதனியும் அவள் முன்னால் என்னவெல்லாம் பேசியிருப்போம்? கறிக்கு உப்புக் கூடியதற்கு நடந்த சண்டை, வதனியின் தம்பி பற்றிய என் கருத்துகள், என் குறட்டை பற்றிய வதனியின் கருத்துகள்... வேற்று மனிதருக்கு விளங்காது என்ற தைரியத்தில் பஸ்ஸிலும் கடையிலும் லிப்டிலும் நாம் பேசாததா? இதைப் படிக்கிற நீங்களும் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

“அப்ப... அண்டைக்கு நான் சொன்னதும்...?”

“விளங்கினது, அங்கிள்.”

“பிறகு ஏன் பிள்ளை வந்தனீ?”

மெதுவாகச் சொன்னாள்: “நீங்கள் ஏசினது, யூ நோ, ஆரோ ஒரு பிள்ளையை. சாப்பாடு தந்தது எனக்கு.”

நான் நாற்பது வருடமாகச் சொற்களோடு புழங்குகிறவன். ‘தாங்ஸ் பிள்ளை’ என்று மட்டும் சொன்னேன். நீ கூட்டிக்கொண்டு போகாவிட்டால் என் பிள்ளை ஆடியிருக்கவே மாட்டாள் என்று சொல்ல நினைத்ததை வதனி போனைப் பறித்துச் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் தமிழில் அரைமணி நேரம் பேசினார்கள். அடுத்த சனிக்கிழமை புட்டுக்கு வருகிறாளாம்.

நான் மறுபடி கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். மூன்று பேட்ச்களின் படங்களும் திரையில் இருந்தன. அபியின் பேட்ச் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அந்த அரையிறுதி மேட்ச்சில் எடுத்தது. நடுவில் அபி, கையில் பந்து. எப்போதும் அவளை மட்டும்தான் பார்ப்பேன். இந்த முறை பின்னால் இருந்த பெஞ்சைப் பார்த்தேன். அபியும் கீஷாவும் ஒரே இடத்துக்கு ஆடுகிறவர்கள், ஒருத்தி உள்ளே என்றால் மற்றவள் வெளியே. பெஞ்சில் மற்ற எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கீஷா மட்டும் எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருக்கிறாள்.

கோச் டெனிஸ் அன்று எங்கள் வீட்டில் வடை சாப்பிட்டுக்கொண்டு சொன்னது இதைத்தான். ஓம் சொல்லாத எங்களுக்குப் பதிலாக அந்த மனுஷி தேர்ந்தெடுத்ததும் அப்படி ஒரு பிள்ளையைத்தான். அட்டமி பார்த்து நான் கெடுத்த காரியத்தை அந்தப் பிள்ளை பழைய காரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சரிசெய்திருக்கிறாள். இத்தனை நாளும் இது தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று கவலையாகவும் இருந்தது, இன்றாவது தெரிந்ததே என்று நிம்மதியாகவும் இருந்தது.

உயரமான பேட்ச் கோபிக்கக்கூடாது. அவர்களுக்குக் கோப்பை இருக்கிறது. தரை துடைத்த முதல் பேட்ச்சையும் நான் கும்பிடுகிறேன், அவர்கள் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் இல்லை. ஆனால் எனக்கு இருப்பது ஒரே ஒரு வாக்கு. மூன்றாவது பேட்ச்சில் அழுத்தினேன். சொந்தப் பிள்ளைக்குப் போட்டான் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் போட்டது கீஷாவுக்கு.

குசினியிலிருந்து வதனி கத்தினாள்: “இஞ்சேருங்கோ, வாக்குப் போட வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கெல்லே? இண்டைக்குப் போட்டுடாதேங்கோ... அட்டமி!”

எனக்குத் தெரியும். காலையிலேயே கலண்டரைப் பார்த்துவிட்டேன்.